நுரை வராத சோப்பு

அறுபத்து நான்கு வீடுகள் உள்ள அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அத்தனை கைகளும் மேலே போனதை நுரைக்காரி தன் கண்ணாலேயே பார்த்தாள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"மண்ணுக்கும் தண்ணிக்கும் கெடுதல் பண்ணாத சோப்பு. கடைச் சோப்பைவிட விலை கொஞ்சம் கூட இருக்கும். பரவாயில்ல, வாங்குறோம்ங்கிறவங்க கை தூக்குங்க."

அவர் சொல்லி வாயை மூடவில்லை. வளையல் போட்ட கை, கடிகாரம் கட்டிய கை, செய்தித்தாளைச் சுருட்டிப் பிடித்திருந்த கை, எல்லாம் எழுந்துவிட்டன. நான்காம் மாடிக்காரர் ஒருவர் ஆர்வம் தாங்காமல் இரண்டு கைகளையும் தூக்கினார். "உங்களுக்கு ஒரு ஓட்டுத்தான் சார்" என்று யாரோ சொல்ல, கூட்டமே சிரித்தது. நுரைக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பின் தெரியாத இத்தனை பேர், எங்கேயோ ஓடும் ஒரு தண்ணீருக்காகக் கையைத் தூக்குகிறார்களே என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நுரைக்காரி என்பது தானாக வந்து ஒட்டிக்கொண்ட பெயர். ஒன்பது வருடம் அவள் ஒரு சோப்புத்தூள் தொழிற்சாலையில், நுரை பொங்க வைக்கும் ரசாயனம் கலக்கும் நுரை மருந்துப் பிரிவில் வேலை பார்த்தாள். சாக்கைப் பிரித்து, தகரக் கரண்டியால் அள்ளி, சுற்றிக்கொண்டே இருக்கும் பெரிய கலவைத் தொட்டியில் கொட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. முகத்தில் துணி கட்டியிருந்தாலும் வீட்டுக்குப் போய்த் தும்மினால் வெள்ளையாக வரும். அதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் எந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தாலும் பொங்குகிற நுரை நம் கை போட்ட நுரை என்று ஒரு பெருமைகூட இருந்தது.

அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டவர் மருந்துக் கணக்குப் பார்க்கும் நிபுணர். பேச்சுவாக்கில் ஒருநாள் சொன்னார்: "அழுக்குப் போறதுக்கும் நுரைக்கும் சம்பந்தமே இல்லம்மா. நுரை கண்ணுக்கு. நுரை பொங்கினாத்தான் சுத்தமாகுதுன்னு ஜனங்க நம்புறாங்க. அதுக்காகப் போடுறதுதான் இது."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று மாலை வீட்டில் இரண்டு தட்டுகளை எடுத்தாள். ஒன்றை நுரை மருந்து கலந்த தூளாலும், மற்றதை மருந்து கலப்பதற்கு முன் எடுத்த தூளாலும் கழுவிக் கணவனிடம் நீட்டினாள். "எதுல நுரை போட்டேன், சொல்லுங்க பாக்கலாம்." தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவன் அவன், எதையும் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் பேசுவான். இரண்டு தட்டுகளையும் முகர்ந்துகூடப் பார்த்தான். கடைசியில் உதட்டைப் பிதுக்கினான். ஒன்பது வருடம் மூச்சைக் கொடுத்து வெறும் வேடிக்கைக்கா கொட்டினோம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் தொழிற்சாலையின் பின்பக்கக் கால்வாயைச் சரியாகப் பார்த்தாள். மழை பெய்த நாளில் அதில் மிதக்கும் நுரை கரையேறி, சாலையில் ஆள் நெஞ்சு உயரத்துக்கு வந்து நிற்கும். பேருந்துகள் விளக்கைப் போட்டுக்கொண்டு அதற்குள் நுழைந்து வெளியே வரும். பார்த்தவர்கள் கைபேசியை எடுத்துப் படம் பிடித்தார்கள். அழகாகத்தான் இருந்தது, அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வேலையை விட வைத்தது நுரையல்ல, ஒரு சின்ன இயந்திரம். வருகைப் பதிவுக்கு விரலை வைக்கும் இயந்திரம் தொழிற்சாலை வாசலில் வந்தது. எல்லோரும் விரலை வைத்தார்கள், பச்சை விளக்கு எரிந்தது. அவள் வைத்தாள், சிவப்பு. துடைத்து வைத்தாள், சிவப்பு. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். மருந்து அவள் விரல் ரேகைகளைத் தின்று தீர்த்திருந்தது. வாசலிலேயே நின்று தன் விரல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முட்டை ஓடு போல வழவழவென்று இருந்தன. அந்த மாதத்தோடு நின்றுவிட்டாள்.

நின்றவள் சும்மா இருக்கவில்லை. பழச்சாற்றுக் கடைகள் வீசி எறியும் தோல்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, பின் அறையில் மூன்று மாதம் ஊறவைத்தாள். அந்த நீரோடு தாவர எண்ணெயில் காய்ச்சிய சோப்பைக் கலந்து, எத்தனையோ முறை திரிந்து, வீணாகி, கடைசியில் பாத்திரம் தேய்க்கும் நீர்ச்சோப்பாகப் பதம் பிடித்தாள். எண்ணெய்ப் பிசுக்கு ஒரே இழுப்பில் போயிற்று. கொட்டிய தண்ணீரில் வாசல் செடி நன்றாகத் தளிர்த்தது. மூன்று மாதத்தில் அவள் விரல்களில் கோடுகள் மெல்லத் திரும்பி வந்தன. ஆனால் நுரை மட்டும் பேருக்குக்கூட வரவில்லை.

"நுரைக்காரி பண்ணின சோப்புல நுரை இல்லன்னா ஊரு சிரிக்காதா?" என்றான் கணவன்.

"சிரிக்கட்டும். சிரிச்சுக்கிட்டே வாங்கட்டும்."

சிரித்தார்கள், ஆனால் வாங்கவில்லை. வீட்டை ஓட்டக் கணவனின் வருமானம் மட்டும் போதாது. தொழிற்சாலையிலிருந்தோ, பழைய இடம் காலியாக இருக்கிறது, மாதக் கடைசி வரை பிடித்து வைக்கிறேன் என்று மேற்பார்வையாளர் சொல்லி அனுப்பியிருந்தார். கணவனும் மனைவியும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வீட்டில் ஒரு நீல டிரம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சங்கம் கொடுத்த அனுமதியில் நான்கு சனிக்கிழமை அந்தக் குடியிருப்பு வாசலில் டிரம்மை வைக்க வேண்டியது. நான்காம் சனிக்கிழமை டிரம் ஒரே நாளில் தீர்ந்தால் சோப்பு. தீராவிட்டால் திங்கட்கிழமை நுரை மருந்து. "அதுக்கப்புறம் நானும் பேச மாட்டேன், நீயும் பேசக்கூடாது" என்றான் அவன். சரி என்றாள், வேறு என்ன சொல்வது?

முதல் சனிக்கிழமை அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கை தூக்கியவர்கள் சொன்ன சொல் தவறாமல் வந்தார்கள். மகள் அச்சடித்துக் கொடுத்த பச்சைச் சீட்டு ஒட்டிய பாட்டில்கள் சாயங்காலத்துக்குள் தீர்ந்தன. டிரம்மின் அடி தெரிந்தது. இரண்டாம் சனிக்கிழமை, காலிப் பாட்டிலை நிரப்பிக்கொள்ள வந்தவர்கள் மூன்றே பேர். மூன்றாம் சனிக்கிழமை இரண்டு. அந்த இரண்டில் ஒருவர் வழி கேட்க வந்தவர், சோப்பைப் பார்த்துவிட்டு மரியாதைக்கு வாங்கினார். மீதி நேரமெல்லாம் நுரைக்காரி ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாசல் காவலாளிக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, மேல போய்க் கேட்டுப் பாருங்க. இங்க உக்காந்தா எதுவும் தெரியாது" என்றார்.

போனாள். கதவைத் திறந்தவர்கள் எல்லோரும் அவளை அன்பாக வரவேற்றார்கள். "அருமையான சோப்புங்க! வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றோம்." "இன்னும் தீரல, தீந்ததும் முதல் ஆளா வர்றேன்." அவள் கண்கள் உள்ளே தேடின. முதல் வீட்டில் அவளுடைய பாட்டில் பால்கனியில், துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் இருந்தது, கழுத்து வரை நிறைந்து. இரண்டாவது வீட்டிலும் அங்கேதான். மூன்றாவது வீட்டிலும் அதே இடத்தில் பார்த்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. பாத்திரச் சோப்புக்கு அங்கே என்ன வேலை?

பின்பக்கப் படிக்கட்டில், இரண்டாம் மாடித் திருப்பத்தில், ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அங்கே வேலை செய்கிறவர்களுக்குள் அவளுக்குப் பெயர் ஆறு வீட்டுக்காரி. தினமும் ஆறு வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கிறவள். நுரைக்காரியின் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்ததும் தானே கேட்டாள்.

"அக்கா, இது துணி மிஷினுக்குத்தானே?"

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

"யாரும் சொல்லணுமா? பாட்டில்லயே போட்டிருக்கே." விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். "சுற்றுச் சுழலுக்கு உகந்தது. சுத்திச் சுழல்றது துணி மிஷின்தானே? நாங்க எல்லாரும் பேசி வச்சு மிஷின் மேல வச்சோம்."

நுரைக்காரி பாட்டிலை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள். சுற்றுச்சூழலுக்கு என்று இருக்க வேண்டிய இடத்தில், மகள் ஒரு நெடிலைக் குறிலாக்கிச் சுற்றுச்சுழலாக்கியிருந்தாள். அடித்தவளும் கவனிக்கவில்லை, ஒட்டியவளும் கவனிக்கவில்லை, கை தூக்கிய அறுபத்து நான்கு வீட்டுக்காரர்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்த இவள் ஒருத்திதான் அந்தச் சீட்டை முழுதாகப் படித்திருக்கிறாள். நுரைக்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள், மற்றவளும் சிரித்தாள்.

"சீட்டு மட்டும் இல்லக்கா" என்றாள் ஆறு வீட்டுக்காரி, சிரிப்பு அடங்கியதும். "ரெண்டாம் மாடி அம்மா அப்புறம் சொன்னாங்க, பாத்திரத்துக்குன்னு. போட்டேன். நுரையே வரல. அந்தம்மா ஹால்லேருந்து எட்டிப் பாத்துட்டு, 'என்ன வெறுந்தண்ணியில அலசுற, சோப்புப் போட்டுத் தேய்க்க மாட்டியா'ன்னு கத்துறாங்க. அவங்களே ஆசைப்பட்டு வாங்கின சோப்பு! அன்னைலேருந்து இதான்."

இடுப்பில் செருகியிருந்த சிறிய பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். சோப்புத்தூள். நுரைக்காரி ஒன்பது வருடம் வேலை செய்த தொழிற்சாலையின் தூள்.

"இதை யாரு வாங்கிக் குடுக்குறாங்க?"

"யாரு குடுப்பா? இந்தச் சோப்பு வாங்கினதோட அவங்க வேற வாங்குறத நிறுத்திட்டாங்க. என் காசுதான். நுரை தெரிஞ்சாத்தான் அவங்களுக்கு நிம்மதி. அவங்க நிம்மதியா இருந்தாத்தான் எனக்கு வேலை."

நுரைக்காரி படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கேள்வி கேட்டதும் அறுபத்து நான்கு கை எழுந்ததே, அதைப் பெரிய அதிசயமாக நினைத்தோமே. அந்தக் கைகளில் பாத்திரம் தேய்க்கிற கை எத்தனை? தேய்க்கிற கையை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை, தான் உட்பட. ஆனால் கூட்டத்தில் சொன்ன வார்த்தைக்கு விலை கொடுப்பது இவள், அதுவும் தன் சொந்தப் பொட்டலத்தில். இத்தனை நாள் இந்தப் படிக்கட்டைக் கடந்து போன தன் முட்டாள்தனத்தை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"கையைக் காட்டு" என்றாள்.

ஆறு வீட்டுக்காரி காட்டினாள். நகக்கண்கள் வெடித்திருந்தன. விரல் நுனிகள் வழவழவென்று இருந்தன. "ஃபோனு விரல் வச்சாத் தொறக்க மாட்டேங்குதுக்கா. கெட்டுப்போச்சுன்னு கடையில குடுத்தேன். ஃபோன் நல்லாத்தான் இருக்காம், என் விரல்தான் கெட்டுப்போச்சாம்."

நுரைக்காரி தன் விரல்களை அதன் பக்கத்தில் வைத்தாள். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். அந்தக் கோடுகளை மற்றவள் கண் கொட்டாமல் பார்த்தாள். தொட்டும் பார்த்தாள்.

ஐந்தாம் மாடியில் வீட்டுக்காரர்கள் இருவரும் வேலைக்குப் போகிற வீடு ஒன்று இருந்தது. சாவி ஆறு வீட்டுக்காரியிடம்; இருவரும் அங்கே ஏறிப் போனார்கள். தொட்டி நிறைய எண்ணெய் படிந்த பாத்திரங்கள். நுரைக்காரி பஞ்சை எடுத்து ஒரு வாணலியைத் தேய்க்க ஆரம்பித்தாள். நான்கு இழுப்புகூட ஆகவில்லை.

"தள்ளுங்கக்கா, உங்களுக்குச் சோப்புதான் பண்ணத் தெரியுது, தேய்க்கத் தெரியல."

ஆறு வீட்டுக்காரி தேய்ப்பதைப் பார்த்தவர்கள்தான் அது ஒரு வித்தை என்று அறிவார்கள். பாத்திரம் அவள் கையில் தானே திரும்பும். விளிம்பு, அடி, காது, உள்வளையம் என்று பஞ்சு ஓர் இடத்தை இரண்டாம் முறை தொடாது. இரண்டு தண்ணீர் விட்டு அலசினாள். மூன்றாவது விடப்போனவள் நின்றாள், கட்டைவிரலால் வாணலியின் உள்பக்கத்தை ஓர் இழுப்பு இழுத்தாள்.

கீச்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் மறுபடி இழுத்தாள். கீச். ஒரு தம்ளரை எடுத்தாள், இன்னும் உச்சமாகக் கீச்சென்றது.

"இது கத்துதேக்கா! தூள் போட்டா அஞ்சு தண்ணி விட்டாலும் வழவழப்புப் போகாது. இது ரெண்டு தண்ணியிலயே கத்துது!" தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள். "அவங்களுக்குச் சுத்தம்னா ஹால்லேருந்தே தெரியணும். கண்ணுக்குத் தெரியலன்னா என்ன, காதுக்குத் தெரியட்டும். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் விடுங்க. இந்தப் படிக்கட்டுல நாங்க பதினோரு பேரு இருக்கோம்."

அந்த வாரம் நுரைக்காரிக்கு வேலை ஓடவில்லை. மகள் திருத்திய சீட்டைப் புதிதாக அடித்தாள். இந்த முறை அம்மாவை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் அடித்தாள். வியாழக்கிழமை மேற்பார்வையாளர் கூப்பிட்டு, திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்துவிடு என்றார். நுரைக்காரி பெட்டியிலிருந்து தொழிற்சாலைக்குப் போட்டுப்போன பழைய வெளிர்நீலக் கோட்டை எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டாள். கணவன் அதைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

நான்காம் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நீல டிரம்மோடு வாசலில் இருந்தாள். எட்டரை ஆயிற்று, ஒருவரும் வரவில்லை. ஒன்பதும் ஆயிற்று. அந்தக் கோடுகளைத் தொட்டுப் பார்த்தவள்கூட வரவில்லையே என்று டிரம்மின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். காவலாளி வந்து அருகில் நின்றார்.

"அக்கா, கட்டடத்துக்கு நடுவுல போய் நில்லுங்க. சும்மா நின்னு கேளுங்க. காலையிலேருந்து இதான் நடக்குது."

கட்டடத்தின் நடுவே, குழாய்கள் இறங்கி வரும் ஒரு குறுகிய சதுர வெளி உண்டு. எல்லாச் சமையலறை ஜன்னல்களும் அதைப் பார்த்துத்தான் திறக்கும். எட்டு மாடிக்கும் மேலே கைக்குட்டை அளவுக்கு வானம் தெரியும். நுரைக்காரி ஈரத் தரையில், குழாய்களுக்கு நடுவே போய் நின்றாள்.

முதலில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு முதல் மாடியில் ஒரு கீச். அதற்கு மேலே ஒன்று. எதிர்ப்பக்கம் இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. தட்டுகள் தாழ்ந்த குரலிலும், தம்ளர்கள் உச்சக் குரலிலும், பெரிய பாத்திரம் எதுவோ யானைக்குட்டி போலவும் கத்தின. இடமும் வலமுமாக, மேலும் கீழுமாக, எட்டு மாடிகளும் கீச்சிட்டன. யாரும் தாளம் போடவில்லை, ஆனாலும் அது எல்லாம் சேர்ந்து ஒன்றாக ஒலித்தது. அவளுக்கு உடம்பு புல்லரித்தது. ஒன்பது வருடம் ஊரின் கண்ணுக்கு நுரை காட்டியவள், இப்போது ஊரே சத்தம் போடக் கேட்டுக்கொண்டு நின்றாள். கண்ணீர் வந்தது, அவள் துடைக்கவில்லை.

மூன்றாம் மாடியிலிருந்து ஓர் அம்மாளின் குரல் கேட்டது. "என்னது அது சத்தம்?"

"பாத்திரம் சுத்தமாச்சும்மா. சுத்தமானாக் கத்தும்."

பிறகு அந்த அம்மாள், குழந்தை மாதிரி ஆவலோடு, "அந்தப் பெரிய தட்டைக் கத்த வை, பாக்கலாம்" என்றாள்.

பத்தரை மணிக்குப் பின்பக்கப் படிகளில் பதினோரு பெண்கள் இறங்கி வந்தார்கள். பையில், கூடையில், முந்தானையில் எல்லாம் ஒரே வாரத்தில் தேய்த்துத் தீர்த்த காலிப் பாட்டில்கள். வீட்டுக்காரர்கள் கொடுத்தனுப்பிய பணத்தைத் தனித்தனித் தாளில் சுற்றி வைத்திருந்தார்கள். இரண்டாம் மாடி அம்மா தானே இறங்கி வந்து, "ரெண்டு பாட்டிலாக் குடுங்க, எங்க வீட்டுல நானே தேய்ச்சுப் பாத்தேன்" என்று சொல்லிக் கொஞ்சம் வெட்கப்பட்டாள். நுரைக்காரிக்குத் தலை நிமிர நேரமில்லை. டிரம் லேசாகிக்கொண்டே வந்தது.

கடைசியில் நின்றவள் ஆறு வீட்டுக்காரி. ஆறு பாட்டில்களும் நிரம்பின. டிரம்மைச் சாய்க்க வேண்டியிருந்தது. அவள் பையிலிருந்து ஏழாவதாக ஒன்றை எடுத்தாள். நசுங்கிய பழைய தண்ணீர் பாட்டில், சீட்டு எதுவும் இல்லை.

"இது யாரு வீட்டுக்கு? உனக்கு ஆறுதானே?"

"இது எங்க வீட்டுக்குக்கா."

முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எடுத்தாள். அது பொட்டலம் வாங்க வைத்திருந்த காசு என்று நுரைக்காரிக்குத் தெரியும். அவள் கையைத் தள்ளினாள். "உன்கிட்டயா காசு வாங்குவேன்? போம்மா."

ஆறு வீட்டுக்காரி விடவில்லை. கையைப் பிடித்து உள்ளங்கையில் சில்லறையை வைத்து அழுத்தினாள். "சும்மா குடுத்தா அடுத்த வாரம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து கேக்குறது?"

அடுத்த வாரம். அவள் அதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்! அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால், வாகன நிறுத்தத்தில் தூக்கிய அத்தனை கைகளும் நுரைக்காரிக்குச் சின்னதாகத் தெரிந்தன. அவள் டிரம்மைத் தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரை அந்த நசுங்கிய பாட்டிலில் வடித்தாள்.

கைபேசி அடித்தது. கணவன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வேறு எதையோ கேட்டான். "கோட்டு காஞ்சிருச்சு. மடிச்சுப் பையில வைக்கவா?"

"வேணாங்க" என்றாள். "டிரம் துடைக்கத் துணி வேணும். அதைக் கிழிச்சு வைங்க."